பூக்கோசுச் சோறு

நுழையுமுன்

சமைப்பதும் ஒரு கல்வியே. எதை, ஏன், எவ்வாறு செய்கிறோம் என்று அறிந்து செய்தால் அடுக்களையும் ஆய்வுக்கூடம் ஆகும். தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி தன் அனுபவத்தைக் கூறுகிறாள். படித்து அறிவோம்.

பாடம்

சென்ற கார்த்திகை மாதத்தில் என் தாத்தா தஞ்சாவூரிலிருந்து தில்லிக்கு வந்தார். அவர் உழவர்; நெல் விளைவித்தே வாழ்ந்தவர். காலையில் பழைய சோறும் பகலில் சுடுசோறும் உண்டு பழகியவர். இங்கு வந்தபின் செய்த இரத்தப் பரிசோதனையில் அவருக்கு நீரிழிவு நோய் இருப்பது தெரிந்தது. "சோற்றைப் பாதியாகக் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள்" என்றார் மருத்துவர்.

மறுநாள் முதல் தாத்தாவின் தட்டில் ஒரு கரண்டிச் சோறும் இரண்டு சப்பாத்தியும் இருந்தன. சப்பாத்தியிலும் மாவுச்சத்து மிகுதி என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு கரண்டிச் சோறு இரண்டு கவளத்தில் தீர்ந்தது. மீதிச் சாம்பாரை எதில் ஊற்றிப் பிசைவது? தாத்தா சற்று நேரம் தட்டையே பார்த்தார். பின்பு, "பசியில்லை அம்மா" என்று கூறி எழுந்துவிட்டார். மூன்று நாள்கள் இவ்வாறே கழிந்தன.

அது தில்லியில் காலிஃபிளவர் எனப்படும் பூக்கோசு மலியும் பருவம். தெருவில் தள்ளுவண்டிக்காரர்கள் "கோபி, கோபி" என்று கூவி விற்பார்கள். பூக்கோசைத் துருவிச் சோறு போல உண்ணலாம் என்று அறிவியல் ஆசிரியை வகுப்பில் கூறினார். கரும்பலகையில் ஒரு கணக்கும் எழுதினார். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் கார்போஹைட்ரேட் உள்ளது. 100 கிராம் பூக்கோசில் ஏறத்தாழ 5 கிராம்தான் உள்ளது. அதிலும் 2 கிராம் நார்ச்சத்து. பூக்கோசின் எடையில் 100க்கு 92 பங்கு நீரே.

அன்று மாலையே பூக்கோசை நறுக்கி, நீர் ஊற்றி, குக்கரில் இரண்டு விசில் வரும்வரை வைத்தேன். திறந்தபோது உள்ளே கூழ்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அருகில் வந்து பார்த்த தாத்தா, "அரிசி காய்ந்த தானியம், அது வேக நீர் வேண்டும். இதற்குள்ளேயே நீர் நிறைந்திருக்கிறதே அம்மா! நீ மேலும் ஊற்றலாமா?" என்றார். ஆசிரியை எழுதிய 92 என்னும் எண்ணின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மறுநாள் தாத்தாவும் அம்மாவும் உடனிருக்க, மீண்டும் செய்தேன்.

செய்முறை

1. அரைக் கிலோ பூக்கோசைச் சிறு பூக்களாகப் பிரிக்கவும். உப்பும் மஞ்சள் தூளும் கலந்த வெந்நீரில் சில நிமிடங்கள் இட்டு எடுக்கவும். உள்ளே புழுக்கள் இருந்தால் வெளியேறும்.

2. தூய துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தவும். ஈரம் இருந்தால் குழைந்துவிடும்.

3. தேங்காய்த் துருவியிலோ காய் துருவியிலோ அரிசி மணி அளவிற்குத் துருவவும். மிக்சியில் இட்டால் சிறிது சிறிதாக இட்டு, விட்டு விட்டுச் சுற்றவும். தொடர்ந்து ஓட்டினால் விழுதாகிவிடும்.

4. அகன்ற வாணலியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளிக்கவும்.

5. துருவலை இட்டு, சற்றுக் கூடிய தீயில் 5 அல்லது 6 நிமிடங்கள் கிளறவும். நீர் சேர்க்கக் கூடாது, மூடவும் கூடாது. மூடினால் ஆவி மீண்டும் நீராகி உள்ளேயே விழும்.

6. இறுதியில் உப்பு இடவும். முன்பே இட்டால் காயிலுள்ள நீரை உப்பு வெளியே இழுத்துவிடும்.

அன்றிரவு அம்மா வற்றல் குழம்பைக் கெட்டியாக வைத்திருந்தார். சோறு குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். பூக்கோசு அவ்வளவு உறிஞ்சாது. ஆகவே நீர்த்த குழம்பு தட்டில் ஓடும். தாத்தாவின் தட்டில் ஒரு கரண்டிச் சோறு, மூன்று கரண்டிப் பூக்கோசு, ஒரு கிண்ணம் பருப்புக் கூட்டு. அவர் பிசைந்து ஒரு கவளம் உண்டார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்திருந்தோம்.

"இது சோறு ஆகாது" என்றார். என் முகம் வாடியது. "ஆனால் பிசைந்து உண்ண முடிகிறது. இன்னும் ஒரு கரண்டி போடு" என்று தட்டை நீட்டினார்.

உண்டபின் அவர் என்னிடம், "நம் முன்னோர் தினை, சாமை, வரகு ஆகியவற்றைச் சமைத்ததையும் சோறு என்றே அழைத்தனர். நீ செய்ததையும் அப்படியே அழைப்போம்" என்றார். ஆயினும் அத்தானியங்களிலும் மாவுச்சத்து மிகுதி. அவற்றையும் அளவோடுதான் உண்ண வேண்டும் என்று அம்மா நினைவூட்டினார்.

அடுத்த முறை மருத்துவரிடம் இதைக் கூறினோம். "நல்லது. ஆனால் நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் தாமாகவே சோற்றை முழுதும் நிறுத்தக் கூடாது, இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்து மயக்கம் வரலாம்" என்று எச்சரித்தார். வளரும் பிள்ளைகளாகிய நாங்கள் சோற்றை விட வேண்டியதில்லை என்றும் கூறினார். இப்போது நாங்கள் சோறும், தாத்தா பெரும்பாலும் பூக்கோசும் உண்கிறோம். குழம்பு எல்லார்க்கும் ஒன்றே.

சொற்பொருள்

மலியும் – மிகுதியாகக் கிடைக்கும்
கவளம் – ஒரு வாய் உணவு
அடுக்களை – சமையலறை
விழுது – அரைத்த பசை போன்ற பொருள்
கூழ் – குழைந்த உணவு

பயிற்சி

அ. விடையளிக்க:
1. தாத்தா "பசியில்லை" என்று கூறியதன் உண்மையான காரணம் யாது?
2. முதல் முயற்சி ஏன் தவறியது? தாத்தா அதை எவ்வாறு விளக்கினார்?
3. 200 கிராம் சோற்றுக்குப் பதில் 200 கிராம் பூக்கோசு உண்டால் எத்தனை கிராம் கார்போஹைட்ரேட் குறையும்?

ஆ. பிரித்து எழுதுக: நார்ச்சத்து, சுடுசோறு, வெந்நீர்.

இ. காரணம் எழுதுக: வாணலியை மூடக் கூடாது, உப்பை இறுதியில் இட வேண்டும்.

ஈ. செயல்பாடு: உங்கள் ஊரில் இப்பருவத்தில் மலியும் காய் ஒன்றன் பெயரைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் கேட்டறிக. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் அதைச் சமைக்கும் முறையைக் கேட்டு, ஆறு தொடர்களில் எழுதுக.