தெரிந்து கொள்வோம்: செல்போன் சார்ஜரில் லேப்டாப் ஏறுமா?



கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளிடமும், குழுக் கணக்கைப் பதிவு செய்யும் கணக்காளர்களிடமும் இப்போது லேப்டாப் இருக்கிறது. புதிதாக வருகிற பலவற்றில் செல்போனில் உள்ள அதே டைப்-சி ஓட்டைதான். அதனால் லேப்டாப் சார்ஜர் பழுதானால், வீட்டில் கிடக்கும் செல்போன் சார்ஜரைச் செருகிவிடுகிறார்கள். சார்ஜ் ஏறவில்லை என்றதும், "பேட்டரி போச்சு" என்று அருப்புக்கோட்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட்டம். புது பேட்டரி என்றால் ஆயிரக்கணக்கில் செலவு. அதற்கு முன் சார்ஜரைத் திருப்பிப் பார்ப்போம்.

அதன் முதுகில் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று ஒரு வரி இருக்கும். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் இரண்டையும் பெருக்க வேண்டும். 10 வாட். லேப்டாப் சார்ஜரில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருக்கும். அது 65 வாட். சிலவற்றுக்கு 45 வாட் போதும். வட்டிக் கணக்குப் போடும் நமக்கு இது ஒரு கணக்கா?

திருச்சுழிப் பக்கம் கோடையில் குழாயில் நூல் மாதிரி தண்ணீர் வரும். குடத்தில் பிடிக்கப் பிடிக்க மொண்டு புழங்கினால் குடம் எப்ப நிறையும்? 10 வாட் சார்ஜரில் போட்டு வேலை பார்க்கும் லேப்டாப்பும் அப்படித்தான். அணைத்து வைத்தால் மெதுவாக ஏறலாம். 50 வாட்-மணி பேட்டரி நிறைய, கணக்குப்படி 5 மணி நேரம். வழியில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

சில லேப்டாப்புகள் அதையும் வாங்காது. டைப்-சி வயரில் இரண்டும் முதலில் பேசிக்கொள்ளும். லேப்டாப் 20 வோல்ட் கேட்க, சார்ஜரிடம் 5 வோல்ட்தான் இருந்தால், வேண்டாம் என்று இருந்துவிடும். பேட்டரி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

புதுசு வாங்கும்போது, பழைய சார்ஜரில் உள்ள வோல்ட், வாட் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். 'பி.டி.' வகை என்று கேளுங்கள். வயரையும் பாருங்கள். 3 ஆம்பியர் வயர் 60 வாட் வரைதான் தாங்கும். 65 வாட்டுக்கு 5 ஆம்பியர் வயர் வேண்டும். பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' எழுத்தை அடுத்து 8 இலக்க எண்ணும் இல்லாத சார்ஜரை, விலை குறைவு என்று வாங்காதீர்கள். சூடாகி உருகினால் வீட்டுக்கே ஆபத்து.

2011இல் அரசு முதன்முதலில் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பில் டைப்-சி கிடையாது. அதற்கு அதனுடைய சார்ஜர்தான்.

65 வாட் சார்ஜரில் செல்போன் போட்டால் வெடிக்குமா என்று கேட்கிறார்கள். நல்ல சார்ஜராக இருந்தால் பயமில்லை. போன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும்.