ஐப்பசியில் பாருங்கள், தையில் வெட்டுங்கள்

அடைமழை விட்ட மறுநாள் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு டம்ளர் சுக்குமல்லிக் காப்பியை எடுத்துக்கொண்டு புழக்கடைத் தோட்டத்துக்குப் போய், ஒரு மணி நேரம் சும்மா நில்லுங்கள். மண்வெட்டி வேண்டாம், களைக்கொத்தும் வேண்டாம். கை துறுதுறுன்னுதான் இருக்கும். ஆனால் ஈர மண்ணில் நாம் வைக்கிற ஒவ்வொரு அடியும் மண்ணை இறுக்குகிறது. நாங்கூழ் மாசக்கணக்கில் போட்ட துளைகளை ஒரு காலையில் மிதித்து மூடிவிடுவோம். நடக்க ஒரு தடம் வைத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

இந்த மாதங்களை மேல்நாட்டில் இலையுதிர் காலம் என்கிறார்கள். பள்ளிக்கூடப் பாடம் வழியாக அந்தச் சொல் நமக்கும் ஒட்டிக்கொண்டது. திருக்கோவிலூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் எந்த மரம் இலை கொட்டுகிறது? நம் முன்னோர் இந்த இரண்டு மாதத்துக்கும் வைத்த பேர் கூதிர். வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அங்கே தோட்டத்தை மூடிவைக்கும் காலம் இது. இங்கே தோட்டம் நிறைந்து நிற்கும் காலம். அந்த நாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு இப்போது பாத்தியைக் காலிசெய்து கிளை கழிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், அவரை பூவெடுக்கப் போற நேரத்தில் கொடியை வெட்டிவிடுகிறார்கள்.

இப்போது தோட்டத்தில் நாம் விதைக்காததே பாதிச் சாப்பாடு. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை மூன்றும் தானாக வருகின்றன. வேலியில் முடக்கத்தான் படர்ந்து கிடக்கிறது, தோசைக்கு அரைக்கலாம். பீர்க்கன் ஓயப்போகிறது, பாகல் காய்க்கிறது. சேனை ஆள் இடுப்பு உயரம் குடை விரித்து நிற்கிறது. மஞ்சள் இலையைக் கிள்ளி முகர்ந்தாலே பொங்கல் ஞாபகம் வந்துவிடும். களை என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போடாமல், முதலில் பறித்துச் சாப்பிடுங்கள். எந்தக் கீரை எந்த மூலையில் தழைக்கிறது என்பதும் ஒரு சேதிதான். எங்கள் தோட்டத்தில் கோரை மண்டுகிற இடமும் தண்ணீர் தங்குகிற இடமும் ஒன்று.

சும்மா நிற்கச் சொல்வது சோம்பேறித்தனத்துக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோல்ம்கிரெனும் 1978-இல் பெர்மாகல்ச்சர் என்ற பேரில் முதல் நூலைக் கொண்டுவந்தார்கள். ஹோல்ம்கிரென் பின்னாளில் வகுத்த 12 நெறிகளில் முதலாவதே 'கவனித்துப் பார்' என்பதுதான். நம்ம தாத்தாக்கள் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து செய்ததும் அதையே. தோட்டத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று கோடையில் யோசித்தால் தப்பாகப் போகும். கோடையில் தோட்டம் எதையும் சொல்லாது. இந்த இரண்டு மாதத்தில்தான் தண்ணீர் எங்கே போகிறது, வெயில் எங்கே விழுகிறது, எந்த வேர் தாங்கும் என்று தானே காட்டுகிறது.

முதலில் தண்ணீர்.

எங்கள் தோட்டம் 5 சென்ட். கிணற்றடியை ஒட்டிய மூலையில் வைத்த பப்பாளியெல்லாம் வரிசையாகச் செத்தது. பள்ளமாக இருக்கிறது என்று நினைத்து நாலு வண்டி மண் அடித்து மூடினேன். அடுத்த மழைக்குக் குட்டை மாட்டுக்கொட்டாய் வாசலுக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு ஐப்பசியில் மழையோடு மழையாகக் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. வீட்டுக் கூரையும் கொட்டாய்க் கூரையும் சேர்ந்து ஏறக்குறைய 1000 சதுர அடி. 1000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் வழியும். நல்ல மழை ஒன்றில் 5 செ.மீ. பெய்தால் நாலாயிரத்து அறுநூறு லிட்டருக்கும் மேல்! அத்தனையும் ஒரே தாழ்வார மூலையில் கொட்டிக்கொண்டிருந்தது. கோளாறு மண்ணில் இல்லை, கூரையில் இருந்தது. உங்கள் தோட்டத்துக் குட்டைக்கும் மூலம் எங்கே என்று மழை பெய்யும்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, மழை விட்டபின் நேரத்தைக் கணக்கு வையுங்கள். நாலு மணி நேரத்தில் வடிந்த இடத்தில் எதையும் வைக்கலாம். மறுநாளும் தண்ணீர் நிற்கிற இடத்தில் பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை நான்கும் கூடாது. வேருக்கும் மூச்சு வேணும். மண்ணின் இண்டு இடுக்கில் காற்று இருந்த இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால், வேர் மூச்சுமுட்டி அழுகும். தண்ணீருக்குள் நிற்கிற செடி தாகத்தில் வாடுகிற மாதிரியே இலை தொங்கப்போடும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. பப்பாளி இரண்டு நாளுக்கு மேல் தாங்குவது கஷ்டம். சேப்பங்கிழங்கு அந்த இடத்துக்காகவே பிறந்தது. குட்டையின் கரையில், சற்று மேட்டில் வாழை. நாவல், புங்கன் போன்ற மரங்கள் கொஞ்ச நாள் தண்ணீரில் நின்றாலும் பிழைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் எனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தது 2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் கொட்டியது. அப்புறம் உள்நாட்டுக்கு வந்தது. ஆற்றின் மேல்பக்கம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரை மீறியது. ஆற்றுக்கு நடுவே நிற்கிற கபிலர் குன்றைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. எங்கள் தோட்டத்தில் முழங்கால் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. பன்னிரண்டு வருச முருங்கை சாய்ந்தது. பப்பாளி ஐந்தும் போயிற்று. வாழை பாதி நின்றது, சேம்பு அப்படியே இருந்தது, தென்னைக்கு ஒன்றுமில்லை. வடிந்த பிறகு நாலு விரல் கனத்துக்கு வண்டல்.

வண்டல் வந்தால் நல்லதுதானே என்று சொன்னவர்கள் உண்டு. நல்லதுதான், ஆனால் உடனே இல்லை. அந்த நைஸ் மண் மேலே படிந்து பூச்சுப் பூசின மாதிரி மூடிக்கொள்ளும், கீழே காற்று போகாது. ஈரமாக இருக்கும்போது கொத்தினால் கட்டிகட்டியாகி, கோடையில் செங்கல்லாகும். காய்ந்து வெடிப்பு விடும்வரை நாங்கள் கால் வைக்கவில்லை. வெடித்தபின் மேல்வாக்கில் உடைத்து, சருகும் தொழு உரமும் கலந்து, தையில் பலதானியம் விதைத்தோம். பூவெடுத்த நேரத்தில் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போட்டோம். அடுத்த ஆடியில் மண் பழையபடி கையில் உதிர்ந்தது.

ஆறு வந்தால் 5 சென்ட் தோட்டத்தில் வரப்புப் போட்டு மறிக்க முடியாது. கூரைத் தண்ணீரை நம்மால் திருப்ப முடியும். எது எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்க முடியும். அவ்வளவுதான் நம் கையில் இருப்பது, அதைக்கூடச் செய்யாமல் இருந்தேன்.

இனி வெயில். இதைப் பலர் கவனிப்பதில்லை, நானும் நாலு வருசம் ஏமாந்தேன். வீட்டுக்கு வடக்கே, சுவரை ஒட்டி அவரைப் பந்தல் போட்டிருந்தேன். ஆடியில் விதைக்கும்போது அங்கே நல்ல வெயில். கொடி பந்தலை மூடும், கார்த்திகையில் பூ எடுக்கும், காய் மட்டும் பிடிக்காது. விதை சரியில்லை என்று அத்தையிடம் குறைப்பட்டேன். "விதைய ஏன்டா குத்தம் சொல்ற? பந்தல்ல கைய வச்சுப் பாரு, சில்லுனு இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

கணக்கு இதுதான். திருக்கோவிலூர் ஏறக்குறைய 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம்வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்து போகும். அப்போது சுவர் நிழல் தெற்கே விழும், அதுவும் 10 அடிச் சுவருக்கு அதிகபட்சம் 2 அடிதான். ஆவணிக்குப் பிறகு சூரியன் தெற்கே போகிறது. மார்கழியில் அதே 10 அடிச் சுவரின் நண்பகல் நிழல் வடக்கே 7 அடி. ஆடியில் வெயில் காய்ந்த இடம் அவரைக்கு வெயில் வேண்டிய மாதங்களில் நிழலுக்குள் போய்விடுகிறது. நாட்டு அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும், ஆகவே அதை முன்னாடி விதைத்தும் தப்பிக்க முடியாது. பந்தலைத்தான் நகர்த்த வேண்டும். கார்த்திகை, மார்கழியில் நண்பகல் நிழலின் ஓரத்தில் ஒரு முளைக்குச்சி அடித்து வையுங்கள். அதற்கு அந்தப் பக்கம் பந்தல். இந்தப் பக்கம் இஞ்சி, மஞ்சள், சேம்பு. நிழல் அவற்றுக்குப் பெரிதாகத் தொந்தரவில்லை.

குச்சிகளில் பழைய புடவைக் கிழிசலைக் கட்டுங்கள். தண்ணீர் தங்கும் ஓரத்துக்குச் சிவப்பு, நிழல் ஓரத்துக்கு வேறு நிறம், நாங்கூழ் மண் குவித்திருக்கும் இடத்துக்கு இன்னொன்று. நாங்கூழ் குவியல் நிறைந்த இடத்தில் மண்ணைக் கிளறவே கிளறாதீர்கள், மேலே மூடாக்குப் போட்டால் போதும். காகிதத்தில் படம் வரைகிறவர்கள் வரையட்டும். எனக்கு வரையவராது, குச்சிதான் வசதி.

மாற்றங்களைத் தையில் தொடங்குங்கள். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து பிடுங்குவோம், இலை மடிந்த சேனையைத் தை, மாசியில் தோண்டுவோம். எப்படியும் அந்த இடங்களில் மண் புரளத்தான் போகிறது, புதிய பாத்திக்கும் வாய்க்காலுக்கும் அங்கேயே பிள்ளையார்சுழி போட்டால் இரட்டை வேலை மிச்சம். கூரைத் தண்ணீர் விழும் மூலையிலிருந்து வாழைக் குழிவரை ஒரு சிறு வாய்க்கால் எடுத்து, குழியைச் சருகால் நிரப்புங்கள். தெருவுக்குத் திருப்பிவிட வேண்டாம், அது நம் தண்ணீர். மாசி, பங்குனியில் வேப்பஞ்சருகைக் கூட்டி எரிக்காமல் சேர்த்து வைத்தால் கோடை மூடாக்குக்கு ஆகும். முருங்கைக்கும் பப்பாளிக்கும் முழங்கால் உயர மேடு கட்டி, ஆடிவரை மண் அமரவிட்டு, அப்புறம் போத்தும் கன்றும் வைக்கலாம். ஒரு வருசத்தில் இரண்டு மாற்றத்துக்கு மேல் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஒரேடியாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

விதையைப் பற்றி ஒன்று. வெள்ளத்தில் முருங்கையைவிட எனக்கு வலித்தது விதைதான். சாம்பல் கலந்து பானையில் வைத்திருந்த மூக்கு அவரை, தரையில் இருந்ததால் நனைந்து முளைவிட்டு நாறிப்போனது. அத்தை கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த விதை அது. போயே போச்சு என்று இருந்தோம். தையில் கச்சிராயபாளையத்துச் சின்னம்மா போன் பண்ணினாங்க. "மூணு வருசம் முன்னாடி உங்ககிட்ட ஒரு பிடி வாங்கிட்டுப் போனேனே, அது இங்க கொட்டுது, வந்து பறிச்சிக்கிட்டுப் போங்க"ன்னாங்க. கல்வராயன் அடிவாரத்தில், ஆறு எட்டாத தூரத்தில் எங்கள் அவரை காய்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே பஸ் ஏறினோம்.

இப்போது விதைப்பானை பரணில் இருக்கிறது. பானையில் வைப்பதற்கு முன்பே மூன்று பொட்டலம் கட்டி மூன்று ஊருக்குப் போய்விடுகிறது. இந்த வருசம் சின்னம்மா எங்கள் பாகல் விதை கேட்டிருக்காங்க. பந்தலில் இரண்டு காயைப் பழுக்க விட்டிருக்கிறோம், அணில் விட்டுவைத்தால்.