சீலை மாற்றுமுன் கொஞ்சம் பொறு

பனிச்சங்கேணி

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வாங்கிய 28 அடிப் போட்டின் எஞ்சினுக்கு அடியில் ஒயில் சொட்டுகிறதாம். பின்பக்கக் கிராங் சீல் போய்விட்டது, எஞ்சினைத் தூக்கித்தான் மாற்றவேண்டும் என்று வாழைச்சேனையில் ஒருவர் சொன்னாராம். அக்கா சொன்னா. தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும். எஞ்சின் பெட்டிக்குள் இறங்கும்போது கையில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எஞ்சினைத் தூக்க இப்போதைக்கு ஒருவரையும் கூப்பிடாதே. ஒயில் எங்கே சொட்டுகிறது என்று எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். எங்கிருந்து புறப்படுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. மேலே டெப்பட் கவரின் பின்மூலையில் கசியும் ஒயில் புளொக்கின் வழியே இறங்கி, பிளைவீல் கூட்டின் அடியில் வந்து சொட்டும். சீல் போனாலும் சொட்டுவது அதே இடத்தில்தான். முன்னதற்கு ஒரு பெக்கிங் போதும். பின்னதற்கு கியர் பொக்ஸ், பிளைவீல் எல்லாம் கழற்றவேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பாகங்கள் விற்கும் விலை உனக்குத் தெரியும்.

ஆகவே முதலில் எஞ்சினைக் கழுவு. ஆறிய எஞ்சினில், அல்டர்நேட்டரையும் காற்று இழுக்கும் வாயையும் பொலித்தீனால் மூடிக் கட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு மேலிருந்து கீழாகத் தேய். வடியும் அழுக்கு அடித்தளத்தில் விழாமல் கீழே ஒரு தட்டு வை. பழந்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பொலித்தீனை அவிழ்த்தபின் சந்தேகமான பொருத்துகளில் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவு. எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு ரோச் அடித்துப் பார். பிறகு போட்டை இறுகக் கட்டிக் கியரில் போட்டு, சூடேறியதும் நிறுத்திவிட்டு மறுபடி பார். பவுடர் நனைந்த இடங்களில் மிக உயரத்தில் இருப்பதுதான் நீ தேடும் இடம். ஒன்றை மட்டும் மறக்காதே: முன்பக்கச் சீல் கசிந்தால் கப்பியும் பெல்ட்டும் அந்த ஒயிலை நாலாபக்கமும் வீசியடிக்கும், அப்போது உயரத்தை நம்பாமல், வீசியடித்த கோட்டைப் பின்தொடர்ந்து போ. ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் சாரத்தோடு குனியாதே. காற்சட்டை போட்டுக்கொண்டு இறங்கு.

கசிவது எந்த ஒயில் என்றும் பார்க்கவேண்டும். டீசல் எஞ்சினின் ஒயில் சீக்கிரம் கறுத்துவிடும். கியர் ஒயில் சிவப்பாகவோ, எஞ்சின் ஒயிலைவிடத் தெளிவாகவோ இருக்கும். இரண்டு டிப்ஸ்டிக்கையும் தினமும் காலையில், எஞ்சினை எழுப்புமுன், போட் அதே இடத்தில் கட்டப்பட்டு அசையாமல் நிற்கும்போது பார்த்துக் கொப்பியில் எழுது. எது இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் கசிவு. ஒயில் இறங்காமல் ஏறினால், தேய்த்து மணந்து பார். டீசல் மணத்தால் டீசல் பம்பின் உள்சவ்வு கிழிந்திருக்கலாம். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இந்த இரண்டிலும் எஞ்சினை ஓட்டவே கூடாது, பெயரிங் தேய்ந்துவிடும்.

இன்னொன்று, பலரும் தொடாமல் விடுவது: பிறீதர் குழாய். பிஸ்டனைத் தாண்டி இறங்கும் காற்று வெளியேறும் வழி அது. அது அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, எந்தச் சீல் இளகியிருக்கிறதோ அதன் வழியே ஒயிலைத் தள்ளும். நீ புதுச் சீல் போடுவாய், அடுத்த வாரம் அதுவும் கசியும், சீல் விற்றவனைத் திட்டுவாய். குழாயைக் கழற்றி ஊதிப் பார், அழுக்கிருந்தால் கழுவு. பிறகு எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பார். குழாய் சுத்தமாக இருந்தும் புகை குபுகுபுவென்று தள்ளினால் றிங் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் சீலுக்குச் செலவழிப்பது வீண்.

டெப்பட் கவர்தான் காரணம் என்று தெரிந்தால் நட்டை முறுக்கி இறுக்காதே. கோர்க் பெக்கிங் நசுங்கும், தகரக் கவர் வளையும், கசிவு கூடும். பசையையும் அள்ளிப் பூசாதே. உள்ளே பிதுங்கிய துண்டு சம்ப்பில் இருக்கும் வடியை அடைக்கும். பில்டர் மாற்றியிருந்தால் பழைய இறப்பர் றிங் புளொக்கிலேயே ஒட்டிக் கிடக்கிறதா என்று பார். சம்ப்பின் அடியைக் கையால் தடவு. உப்புத்தண்ணீர் தேங்கும் போட்டுகளில் துரு தின்று ஊசித்துளை விழும். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் ஒயில் குறைந்தால், எஞ்சினைக் குளிர்வித்து வெளியேறும் தண்ணீரைப் பார். அதில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஒயில் கூலரின் உள்குழாய் ஓட்டை. ஓடும்போது ஒயிலின் அழுத்தம் அதிகம் என்பதால் அது தண்ணீருக்குள் போகும். நிறுத்தியபின் தண்ணீர் ஒயிலுக்குள் வரும்.

அடித்தளத்தில் சேர்ந்த எண்ணெய்த் தண்ணீரைப் பம்ப் பண்ணி வெளியே விடாதே, மருமகன். 2020 செப்டம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் கப்பல் எரிந்தது. அதிலிருந்த 270,000 தொன் அளவான மசகெண்ணெய் கடலில் கொட்டாமல் தப்பியது இந்தக் கரைக்குப் பெரிய புண்ணியம். ஆனால் கரையோரத்தில் நாமே சிறிது சிறிதாக ஊற்றுகிறோம். நம்முடைய வாவியில் கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டும் வேர்களால்தான் மூச்சுவிடுகின்றன; எண்ணெய் பூசினால் மூச்சடைக்கும். இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது ஒதுங்குவது அந்த வேர்களுக்குள்தான். சவர்க்காரத்தூள் போட்டுக் கலக்கினால் படலம் கண்ணுக்கு மறையும், எண்ணெய் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. தேங்காய்த் தும்பாலோ பழந்துணியாலோ ஒற்றியெடுத்துக் கேனில் அடைத்துக் கரைக்குக் கொண்டுவா.

பவுடர் நனைந்த இடத்தைப் படம் பிடித்து, கொப்பிக் கணக்கோடு அனுப்பு. சீல்தான் என்று தெரிந்து, ஓரிரு சொட்டு அளவிலேயே நின்றால், காலைதோறும் அளவு பார்த்து ஒயில் விட்டுக்கொண்டு தொழிலுக்குப் போ. வாடை தொடங்கிப் போட்டைக் கரையேற்றும்போது நான் வருகிறேன், இருவருமாகக் கழற்றுவோம்.

அன்புடன்,
மாமா