ஐப்பசி மழைக்கு முன் பட்டு ரோஜாவைக் கிளை ஒடித்து வையுங்கள்

புரட்டாசி முடியப்போகிறது. தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்து பூக்கும் பட்டு ரோஜாவை இன்னும் பத்து நாள் பார்த்துவிட்டு அப்புறம் கவனிக்கலாம் என்று விடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் கிளை ஒடித்தாக வேண்டும். சிலர் டேபிள் ரோஸ் என்றும் பத்து மணிப் பூ என்றும் சொல்வது இதைத்தான்.

பிரேசிலின் தென்பகுதி, அர்ஜென்டினா பக்கத்துச் செடி இது. நம் பருப்புக்கீரைக்கு நெருங்கிய உறவு. தண்டிலும் இலையிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்திருப்பதால் சித்திரை வெயிலையும் தாங்கும். வேரில் தண்ணீர் தேங்குவதைத்தான் தாங்காது. மேலே மொட்டு இருக்கும்போதே அடியில் அழுகல் பிடித்துவிடும். போன மழையில் எங்கள் மாடியில் மூன்று தொட்டிகள் போனது அப்படித்தான். மண்ணை ஒட்டிய தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பழுத்து, கொழகொழவென்று இருந்தால் செடி பிழைக்காது. கெட்டியாக இருக்கும் நுனிகளை மட்டும் காப்பாற்றலாம்.

விரல் நீளத்துக்கு ஒடித்து, மொட்டைக் கிள்ளி, கீழ் இலைகளை உருவிவிட்டு, ஒரு நாள் நிழலில் போடுங்கள். ஒடித்த இடம் காய வேண்டும். பச்சையாக நட்டால் அங்கிருந்தே அழுகும். செம்மண்ணும் பெருமணலும் சரிபாதி, ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, சாரல் படாத, வெளிச்சமுள்ள சன்னலோரம் வையுங்கள். அடித்தட்டு வேண்டாம். மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். அடுக்குப் பூ வகைக்கு விதையை நம்பாதீர்கள். அதே பூ வருமென்று உறுதியில்லை.

கணுக்களில் மெல்லிய வெள்ளை முடி தெரியும். அது செடியின் இயல்பு, மருந்தடிக்க வேண்டாம். மாவுப்பூச்சி என்றால் தொட்டதும் விரலில் மாவாக ஒட்டும், பிசுபிசுக்கும். மேகம் மூடிய நாட்களில் பூ விரியாது. அதற்காக உரம் போடாதீர்கள், வெயிலுக்குத்தான் அது காத்திருக்கிறது.

தை பிறந்து வெயில் ஏறியதும் தொங்கு தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரு தொட்டிக்கு ஐந்தாறு கிளை வைக்கலாம். நடுவில் குவிக்காமல் விளிம்பை ஒட்டி நடுங்கள், சீக்கிரம் வழியும்.