பழைய ஆம்னி வேனில் மின்பழுது பார்ப்பது எப்படி?



மாருதி வேன் 1984-ல் வந்தது. பிறகு அதற்கு ஆம்னி என்று பெயர் வைத்தார்கள். 2019-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கம் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. வெள்ளிமலையிலிருந்து ராத்திரி நேரம் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, வளைவில் ஹெட்லைட் அணைந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

‘செல்ஃப் எடுக்கலையா? பேட்டரியை மாத்து’ என்பார்கள். கூலி வேலை பார்க்கும் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஒரு பேட்டரியின் விலை எத்தனை நாள் கூலி என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்: அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். ஒரு மல்டிமீட்டர் போதும்.

1. பேட்டரி: வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான்.

2. டைனமோ: இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். குறைந்தால் முதலில் பெல்ட் தொய்வைப் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி கொதித்து வீணாகிவிடும்.

3. எர்த்: பழைய வண்டியில் பாதிக் கோளாறு இங்கேதான் ஒளிந்திருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மற்றொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்குங்கள்.

காரணம் என்ன? செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். துருப்பிடித்த இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் போய்விடும். இவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் பிடிக்க முடியாது. கரண்ட் ஓடும்போது வோல்ட்டாக அளந்தால்தான் சிக்கும்.

4. ஃப்யூஸ்: எரிந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பி சுற்றவே கூடாது! புதிதும் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஒயர் பாடியில் உரசும் இடங்களைத் தேடுங்கள். ஆம்னியில் இன்ஜினே முன்சீட்டுக்கு அடியில்தான். அங்கே ஒயர் தீப்பிடித்தால் இறங்கவும் நேரம் இருக்காது.

1827-ல் ஓம் வெளியிட்ட விதியை நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறோம். நண்பர்களே, அதை மீட்டரோடு வண்டிக்குக் கொண்டுபோவோம். மலையிலிருந்து இறங்கும் ஒரு உயிராவது பத்திரமாக வந்து சேரட்டும்.