பாவனையாக்கமும் திறந்த மூல மென்பொருளும்: போக்குவரத்து விளையாட்டில் ஒரு துறைமுகப் பாடம்



திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று சிறு வகுப்பிலிருந்தே படித்து வருகின்றீர்கள். அப்படியாயின், நாட்டின் முதன்மை வர்த்தகத் துறைமுகம் கொழும்பில் அமைந்தது ஏன்? இவ்வினாவுக்குக் கணினி விளையாட்டொன்றின் துணையுடன் விடை தேடுவோம்.

1. அடிப்படை எண்ணக்கருக்கள்

பாவனையாக்கம்: உண்மையான செயற்பாடு ஒன்றை, குறிப்பிட்ட விதிகளைக் கொண்டு கணினியில் போலச் செய்து பார்த்தல்.

திறந்த மூல மென்பொருள்: மூலக்குறியைப் படிக்கவும், மாற்றவும், பிறருடன் பகிரவும் உரிமம் அனுமதிக்கும் மென்பொருள். லினக்ஸ் இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

நினைவிற் கொள்க: இலவசமாகக் கிடைப்பவை எல்லாம் திறந்த மூல மென்பொருள்கள் அல்ல.

2. ஓப்பன் டிடிடி

கிறிஸ் சோயர் உருவாக்கிய 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன்' 1994 இலும், அதன் விரிவாக்கமான 'டீலக்ஸ்' பதிப்பு 1995 இலும் விற்பனைக்கு வந்தன. அவற்றின் மூலக்குறி வெளியிடப்படவில்லை. லுட்விக் ஸ்ட்ரிகியஸ் என்பவர் அவ்விளையாட்டு இயங்கும் முறையை ஆராய்ந்து, 'சி' மொழியில் எழுதிய ஓப்பன் டிடிடி 2004 இல் வெளியாயிற்று. இதன் உரிமம் குனு பொது உரிமத்தின் 2 ஆம் பதிப்பாகும். தொடக்கத்தில் பழைய விளையாட்டின் படக் கோப்புகள் இன்றி இது இயங்கவில்லை. தன்னார்வலர்கள் படங்களையும் ஒலிகளையும் புதிதாக ஆக்கியளித்தமையால், 2010 இல் வெளியான 1.0.0 பதிப்பிலிருந்து அத்தேவை நீங்கியது. இன்று டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே இதனை நிறுவலாம்.

இதில் நீங்கள் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் உரிமையாளர். கடன் பெற்றுப் பாதை அமைத்து, புகையிரதம், பேருந்து, கப்பல், விமானம் ஆகியவற்றை இயக்கி வருமானம் ஈட்டவேண்டும். வழமையான அமைப்பில் விளையாட்டின் ஓராண்டு ஏறத்தாழ 12 நிமிடங்களில் கழியும்.

3. செயன்முறை

சீனன்குடாவில் உள்ள பிறிமா மா ஆலைக்குக் கோதுமை கப்பலில் வருகின்றது. அரைத்த மா தரைவழியாக நாட்டின் உட்பகுதிகளுக்குச் செல்கின்றது. இதனை எளிமையாக்கி விளையாட்டில் அமைப்போம்.

படி 1: வரைபடத்தை ஆக்கும் பகுதியில் துணைத் துருவக் காலநிலையைத் தெரிவுசெய்து, நடுவில் கடல் இருக்குமாறு அமைக்க. (கோதுமையும் உணவு ஆலையும் இக்காலநிலையில் உண்டு.)

படி 2: கடலின் அக்கரையில் பண்ணையையும், இக்கரையில் உணவு ஆலையையும், தொலைவில் உள்நாட்டு நகரம் ஒன்றையும் வைக்க.

படி 3: இரு கரைகளிலும் கப்பற்றுறை அமைத்து, கப்பலைக் கோதுமை ஏற்றுமாறு மாற்றி, ஓராண்டு இயக்குக. வருமானத்தைக் குறித்துக்கொள்க.

படி 4: ஆலையிலிருந்து நகரத்துக்குப் புகையிரதப் பாதை அமைத்து, உணவை ஏற்றிச் செல்க. நிலையம் அமைக்கும்போது அவ்விடத்தில் ஏற்கப்படும் சரக்குகள் திரையில் தோன்றும்; அதில் உணவு உள்ளதா எனப் பார்த்துக்கொள்க. மீண்டும் ஓராண்டு வருமானத்தைக் குறிக்க.

அவதானம்: படி 3 இல் கோதுமைக்கு மட்டுமே பணம் கிடைக்கும். ஆலை உணவை உற்பத்தி செய்தாலும், ஏற்றிச் செல்ல வண்டி இல்லாததால் அதனால் உங்களுக்குப் பயனில்லை. பாதை உட்பகுதியை எட்டிய பின்னரே துறைமுகத்தின் முழுப்பயனும் கிடைக்கும்.

4. வருமான விதி

வருமானம் சரக்கின் வகை, அளவு, தூரம், பயண நேரம் ஆகியவற்றில் தங்கியுள்ளது. தூரம் இரு நிலையங்களுக்கும் இடையிலான கட்டங்களைக் கொண்டே கணிக்கப்படும். உதாரணமாக, ஒரு திசையில் 60 கட்டங்களும் மறு திசையில் 40 கட்டங்களும் இருப்பின் தூரம் 100 ஆகும். பாதையைச் சுற்றி வளைத்தால் தூரத்துக்கான பணம் கூடாது. நேரம் கூடுவதால் வருமானம் குறையலாம். 2009 இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்னர் அங்கு பயணிகள் பாதைப்படகுக்குக் காத்திருந்தே கரை கடந்தனர். இடத்தின் தூரம் மாறவில்லை, நேரமே குறைந்தது.

5. மாதிரியின் எல்லை

இவ்விளையாட்டில் கடலுக்கு ஆழம் இல்லை. எந்தக் கப்பலும் எந்தக் கரையோரத்துக்கும் வரலாம். எனவே திருகோணமலையின் தலையாய சிறப்பான ஆழமும், மலைகள் சூழ்ந்த பாதுகாப்பும் இங்கு கணக்கில் வருவதில்லை. பருவக்காற்று இல்லை, போரும் இல்லை. இவ்விளையாட்டை மட்டும் நம்பும் ஒருவர், இயற்கைத் துறைமுகத்துக்குப் பெறுமதியே இல்லை என்ற தவறான முடிவுக்கு வரக்கூடும். மூலக்குறி திறந்திருப்பதன் பயன் இங்கேதான் தெரிகின்றது: எவ்விதி உள்ளது, எது விடுபட்டுள்ளது என எவரும் படித்தறியலாம், இயலுமானவர் திருத்தவும் செய்யலாம். விதி மறைக்கப்பட்ட மாதிரியில் ஊகிக்க மட்டுமே முடியும்.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: இயற்கைத் துறைமுகமான திருகோணமலையை விடக் கொழும்பு வர்த்தகத்தில் முன்னேறியதற்கான காரணங்களை விளக்குக.

விடை: துறைமுகம் ஒன்றின் வளர்ச்சிக்கு ஆழம் மட்டும் போதாது; ஏற்றுமதிப் பொருளைத் தரும் உட்பிரதேசமும், அதனை இணைக்கும் பாதையும் தேவை. கொழும்பு–கண்டி புகையிரதப் பாதை 1867 இல் திறக்கப்பட்டதால் மலையகப் பெருந்தோட்ட விளைபொருள்கள் கொழும்பை எளிதில் அடைந்தன. 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கப்பற் போக்குவரத்துப் பெருகியது. 1875 இல் அலைதடுப்பு அணையின் வேலை தொடங்கி, கொழும்பு செயற்கைத் துறைமுகமாக்கப்பட்டது. திருகோணமலைக்குப் புகையிரதம் 1920 களின் பிற்பகுதியிலேயே வந்தது. அதுவரை அத்துறைமுகம் பெரிதும் கடற்படைத் தளமாகவே பயன்பட்டது.

பரீட்சைக் குறிப்பு: பாவனையாக்கம் பற்றிய வினாவில் அதன் பயன் ஒன்றையும் எல்லை ஒன்றையும் சேர்த்தே எழுதுக. பயனை மட்டும் எழுதினால் விடை பாதியே நிறைவுறும்.