ஆக்ஸலாட்டில் வளர்ப்பு: தொட்டியும் நீர்ச்செடிகளும்

மெக்ஸிகோ நகரின் தென்பாகத்திலுள்ள சோச்சிமில்கோ என்னும் பிரதேசத்தில், ஆழமற்ற ஏரியினுள் சேற்றையும் நீர்ப்பூண்டுகளையும் அடுக்கடுக்காய் இட்டு உயர்த்திய நீண்ட பாத்திகளில் பயிர்த்தொழில் நடைபெற்று வருகின்றது. சினாம்பா எனப்படும் இப்பாத்திகளின் ஓரங்களில் வில்லோ மரங்கள் நின்று, தம் வேர்களால் கரையைக் கட்டிப் பிடிக்கின்றன. பாத்திகளுக்கிடையே ஓடும் கால்வாய்களின் சேறே அந்நாட்டு உழவருக்கு எருவாகும். ஆக்ஸலாட்டில் என்னும் சாலமாண்டர் ஜாதிப் பிராணிக்கு இயற்கையில் எஞ்சியுள்ள இருப்பிடமும் அக்கால்வாய்களே.

தவளைக்கு உறவினதாகிய இப்பிராணி வாலும் நான்கு கால்களும் உடையது. ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் நீளம் வளர்வது. மற்ற சாலமாண்டர்களிற் பல வளர்ந்தபின் கரையேறும். இதுவோ கழுத்தின் இருபுறமும் இறகுபோல் விரிந்த செவுள்களுடன் ஆயுள் முழுவதும் ஜலத்திலேயே வாழ்ந்து, அந்நிலையிலேயே முட்டையும் இடுகின்றது. 1864ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது முதல் ஆராய்ச்சிச் சாலைகளிலும் வீட்டுத் தொட்டிகளிலும் பெருகிவிட்டது. சொந்த இடத்திலோ இதன் நிலை பரிதாபகரமானது. 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணிக்கப்பட்ட தொகை 2014இல் 36 ஆகக் குறைந்தது. நகரக் கழிவினால் ஜலம் கெட்டதும், உணவுக்கென விடப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்கள் முட்டையையும் குஞ்சையும் தின்றதும் பிரதான காரணங்கள். வீட்டுத் தொட்டியிலும் இது மடிவது பெரும்பாலும் ஜலக் கேட்டினாலேயே என்பது கவனிக்கத்தக்கது.

முதலில் ஆராய வேண்டுவது உஷ்ணம். சோச்சிமில்கோ கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. நமது உதகமண்டலத்தின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. ஜலம் 16 முதல் 18 பாகை செல்ஸியஸ் வரை இருத்தல் நலம். 20க்கு மேற்படின் பிராணி சோர்வுறும். 24ஐத் தாண்டி நீடிப்பின் இரையை மறுத்து நோய்வாய்ப்படும். விசிறியால் ஜலத்தின் மேல் காற்று வீசச் செய்தால் இரண்டு மூன்று பாகை குறையக்கூடும். சித்திரை, வைகாசி மாதங்களில் சமவெளி வீடுகளுக்கு இது போதாது. குளிர்விக்கும் இயந்திரம் வாங்க இயலாதோர் இப்பிராணியை வாங்காதிருத்தலே தகும். பனிக்கட்டியைத் தொட்டியிற் கொட்டும் வழக்கம் உஷ்ணத்தைத் திடீரென ஏற்றியிறக்கிக் கெடுதலையே விளைக்கும்.

தொட்டி ஒரு பிராணிக்குக் குறைந்தது 75 லிட்டர் கொள்வதாய் இருக்க வேண்டும். உயரத்தைவிட நீளமும் அகலமுமே முக்கியம். துள்ளி வெளியே விழுவதுண்டாதலால் மூடி அவசியம். குழாய் ஜலத்திலுள்ள குளோரினை நீக்கிய பின்னரே ஊற்றுக. அன்றியும், புதுத் தொட்டியில் உடனே பிராணியை விடுதல் பெரும் பிழை. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேறச் சில வாரங்கள் பிடிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் இல்லையென்று தெரிந்த பிறகே தொட்டி குடியிருப்புக்குத் தகுதியாகும். வடிகட்டியின் ஓட்டம் மெல்லியதாய் இருத்தல் வேண்டும்.

அடியில் சிறு கூழாங்கற்களைப் பரப்புவது அழகுக்காகச் செய்யப்படும் அபாயம். ஆக்ஸலாட்டில் இரையைக் கடித்து மெல்லாது. வாயைச் சட்டெனத் திறந்து ஜலத்தோடு உறிஞ்சி விழுங்கும். அப்போது உட்செல்லும் கல் குடலை அடைத்துக் கொன்றுவிடும். வெறுங் கண்ணாடித் தளம், மிக நுண்ணிய மணல், அல்லது பிராணியின் தலையினும் பெரிய கற்கள் ஆகிய மூன்றில் ஒன்றையே கொள்ளலாம். குஞ்சுகளுக்கு வெறுந்தளமே உத்தமம்.

இனித் தாவரங்கள். இப்பிராணிக்கு இமைகள் இல்லை. ஆகவே கூரிய வெளிச்சத்தை வெறுக்கும். குளிர்ந்த ஜலத்திலும் மங்கிய ஒளியிலும் பிழைக்கக்கூடிய செடிகளே ஏற்றவை. ஜாவா பெரணி, அனூபியாஸ், ஜாவா பாசி ஆகிய மூன்றும் தொடக்கத்தில் வளர்ப்போர்க்குப் போதுமானவை. முன்னிரண்டின் கிடைத்தண்டை மணலிற் புதைத்தால் அழுகும். பெரிய கல்லின்மேல் பருத்தி நூலால் கட்டிவிடின் வேர் தானே பற்றிக்கொள்ளும். இரவில் தரையைத் துழாவித் திரியும் பிராணி நட்ட செடியைப் பிடுங்கி எறிவது வழக்கமாதலின், கல்லிற் கட்டிய செடிக்கு இது ஒரு தனி லாபம். எலோடியாவை மிதக்கவிட்டால் நிழல் தரும். நைட்ரேட்டையும் ஓரளவு உட்கொள்ளும். எனினும் வாரந்தோறும் ஜலத்தில் ஒரு பகுதியை மாற்றும் வேலைக்கு எச்செடியும் ஈடாகாது.

செடி எதுவாயினும், அது வந்த வழியை விசாரித்தல் அதனினும் முக்கியம். இப்பிராணியின் தோல் மெல்லியது. ஜலத்திற் கரைந்தவை அதன் வழியே உடலிற் புகும். பூச்சிமருந்து தெளித்த நாற்றங்கால் செடியும், வயல் வாய்க்காலில் அள்ளிய பாசியும் பார்வைக்குப் பசுமையாய் இருந்தே விஷத்தைக் கொண்டுவரக் கூடும். நத்தையைக் கொல்ல விற்கப்படும் செம்பு கலந்த மருந்துகளும் ஆகா. புதுச்செடியை வேறு பாத்திரத்தில் மூன்று நான்கு வாரங்கள் வைத்து, அடிக்கடி ஜலம் மாற்றி, அழுகிய இலைகளைக் கிள்ளியெறிந்து, பின்னரே தொட்டியிற் சேர்க்க. டிஃபன்பேக்கியா போன்ற, ஊசிவடிவ ஆக்ஸலேட் உப்பு நிறைந்த வீட்டுச் செடிகளை ஜலத்தினுள் வைக்கலாகாது.

பெண் ஒரு முறைக்கு நூறு முதல் ஆயிரம் வரை முட்டையிட்டு இலைகளில் ஒட்டிவிடும். தாய் தந்தையரே அவற்றைத் தின்றுவிடுமாதலால், கல்லோடு செடியை எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றுக. குஞ்சுகள் ஒன்றன் காலை ஒன்று கடிப்பதுண்டு. இழந்த கால் மீண்டும் முளைக்குமாயினும், அளவொத்தவற்றைப் பிரித்து வைப்பதே சரி.

வளர்க்க இயலாது போனவற்றை ஏரி குளங்களில் விடுதல் எக்காரணத்தாலும் கூடாது. சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட பிராணியாதலால், இந்தியாவில் வனவிலங்குச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தப்படி வைத்திருப்போர் அதனை அரசாங்கத்தில் பதிவு செய்தலும் வேண்டும்.

சோச்சிமில்கோவில் மெக்ஸிகோ தேசியப் பல்கலைக்கழகத்தார் இன்று சினாம்பா உழவரோடு கூடிச் செய்யும் வேலையும் இம்முறையை ஒத்ததே. பாத்தியை ஒட்டிய கால்வாயின் முனைகளில் கல்லும் நீர்ச்செடியும் கொண்ட வடிகட்டித் தடுப்புகள் அமைக்கப்படுகின்றன. அவை மீன்களை உள்ளே விடாமல் ஜலத்தை மட்டும் தெளிவித்து அனுப்புகின்றன. அவ்வுழவர் தம் பாத்திகளில் பூச்சிமருந்து இடுவதில்லை.